கல்முனைக் கரையில் பிள்ளைக்குப் பேச்சு வந்த வழி

இலங்கையின் தென்கிழக்குக் கரையில், கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பட்டியில், முஸ்லிம் ஊர்கள் வரிசையாக அமைந்துள்ளன. வடக்கே மருதமுனை, அடுத்துக் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று அந்த வரிசை பொத்துவில் வரை போகும். இடையிடையே பாண்டிருப்பு, காரைதீவு போன்ற தமிழ் ஊர்கள். சற்று உள்ளே சம்மாந்துறை. 1961ல் அம்பாறை மாவட்டம் தனியாகப் பிரிக்கப்படும்வரை இவையெல்லாம் மட்டக்களப்பின் தென்பகுதியாகவே இருந்தன. வீட்டில் கதைப்பது தமிழ், பள்ளிவாசலில் ஓதுவது அரபு. இந்த இரண்டுக்கும் நடுவில் பிறந்த பிள்ளைக்கு வாய் திறந்து பேச்சு வந்த விதத்தை எவரும் வரலாறாக எழுதி வைக்கவில்லை. அது வீடு கட்டிய முறையிலும், சடங்கிலும், தொழிலிலும், ஓதப்பள்ளியிலும் சிதறிக் கிடக்கிறது. அவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது: இக்கரையில் பிள்ளையைப் பேச வைத்தது தனியொரு தாய் அல்ல, தாய்வழி உறவுப் பெண்கள் நிறைந்த வளவு. பின்னர் வந்த மாற்றங்கள் யாவும் அந்த வளவுக்கு நேர்ந்தவற்றின் வழியாகவே பிள்ளையின் நாவையும் தொட்டன.

முஸ்லிம்கள் இக்கரைக்கு வந்த காலம் ஒன்றல்ல. 1626ல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப்பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களில் ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்பது போர்த்துக்கேயக் குறிப்புகள் வழி வரும் செய்தி. அதற்கு முன்பே வணிகராக வந்து தங்கியவர்களும் உண்டு. எப்போது வந்தவராயினும், அயலிலிருந்த தமிழரோடு ஒரு முக்கியமான வழக்கத்தை இவர்கள் பகிர்ந்துகொண்டனர். அதுதான் தாய்வழியாக இறங்கும் குடிமுறை. பிள்ளை தந்தையின் குடியைச் சேராமல் தாயின் குடியைச் சேரும். பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கொரு மரைக்காயர் இருப்பார். 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இந்த முறையை மிக விரிவாகப் பதிவு செய்தவர். அவருடைய பெருநூல் 2008ல் வெளிவந்தது.

குடிமுறையை விடப் பிள்ளையின் பேச்சுக்கு நெருக்கமானது சீதன வீடு. மகளுக்குக் கலியாணம் பேசும்போது வீடும் வளவும் அவள் பெயரில் கொடுக்கப்படும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அடுத்த மகளுக்கு அதே வளவில் அல்லது ஒட்டிய காணியில் இன்னொரு வீடு எழும்பும். பெற்றோர் ஒரு சிறு வீட்டுக்கு ஒதுங்கிக்கொள்வர். இரண்டு தலைமுறை போனால், ஒரே கிடுகு வேலிக்குள் உம்மம்மா, அவளது மகள்மார், பேத்திமார் என்று பெண்களின் கூட்டம் உருவாகிவிடும். ஆண்கள் அங்கே ஒரு வகையில் வந்து சேர்ந்தவர்கள். பகலில் அவர்கள் கடலிலோ கடையிலோ இருப்பர். வேளாண்மைக் காலத்தில் மேற்கே வயல்வட்டையில் வாடியடித்துத் தங்கிவிடுவர். ஆகவே பிறந்த பிள்ளையின் காதில் காலை முதல் இரவு வரை விழுந்தது பெண்களின் கதை. அதுவும் பிறந்து வளர்ந்த வீட்டிலேயே இருக்கும் பெண்களின் கூச்சமில்லாத, வாய் ஓயாத கதை. மருமகளாகப் போன வீட்டில் குரல் தாழ்த்திக் கதைக்க வேண்டிய ஒரு தாயின் பிள்ளை கேட்கும் பேச்சுக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. குழந்தை மொழி பற்றிய நூல்கள் இதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

பிள்ளை கேட்கும் முதல் சொற்கள் தமிழ் அல்ல. பிறந்ததும் வலக்காதில் பாங்கும் இடக்காதில் இகாமத்தும் சொல்வது எங்கும் உள்ள முஸ்லிம் வழக்கம். தந்தையோ வீட்டுப் பெரியவரோ ஓதிக்கொடுக்கும் லெப்பையோ அதைச் செய்வார். நாவில் பேரீச்சம்பழச் சாற்றையோ தேனையோ தொட்டு வைப்பதும் உண்டு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடாது என்று இன்றைய வைத்தியர்கள் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் அதை அறிந்தவர் இல்லை. ஏழாம் நாளில் பெயர், வசதியுள்ளோர் வீட்டில் அகீகா, நாற்பதில் தாய்க்கும் பிள்ளைக்கும் குளிப்பு என்று சடங்குகள் நகரும். வசம்பைச் சுட்டு உரைத்து நாவில் தடவுவது தமிழர், முஸ்லிம் என்ற வேறுபாடின்றி எல்லா வீடுகளிலும் நடந்தது. வயிற்றுப் பொருமலுக்கு மருந்தென்று கொடுக்கப்பட்டாலும், நா தடிக்காமல் பேச்சுத் தெளியும் என்ற நம்பிக்கையும் அதற்குள் இருந்தது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. கைக்குழந்தைக்கு வசம்பு தீங்கும் செய்யலாம். வசம்பை உரைத்த கை செய்த வேறொரு வேலைதான் உண்மையில் பயன் தந்தது.

அந்த வேலையைக் குளிப்பாட்டும் நேரத்தில் காணலாம். உம்மம்மா காலை நீட்டி உட்கார்ந்து, கணைக்காலின் மேல் பிள்ளையைக் கிடத்துவாள். எண்ணெய் தடவும் கை தலையிலிருந்து கீழே இறங்கும். இறங்கும் ஒவ்வொரு இடத்துக்கும் பெயர் சொல்லப்படும்: மூக்கு, கன்னம், தோள், கை, விரல். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாழ்த்தோ கேலியோ கூடவே வரும். பிள்ளை ஒரு ஒலி எழுப்பினால் கை நிற்கும். உம்மம்மா அந்த ஒலியைத் திருப்பிச் சொல்லி, அதை ஒரு கேள்வியாக்கி, தானே மறுமொழியும் சொல்லி, மீண்டும் எண்ணெயைத் தொடுவாள். தொடுதலும் சொல்லும் ஒன்றாகச் சேர்வதும், பிள்ளையின் ஒலிக்கு இடம் விட்டுக் காத்திருப்பதும், அந்த ஒலியை நீட்டித் திருப்பித் தருவதும் இன்று பேச்சுச் சிகிச்சையாளர்கள் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடங்கள். இக்கரையில் அவை குளிப்பாட்டும் வேலைக்குள்ளேயே அடங்கியிருந்தன.

குளிப்புக்குப் பின் ஏணை. கூரை வளையில் கட்டிய சேலைத் துணிக்குள் பிள்ளை கிடக்க, கயிற்றை இழுத்தபடி பாட்டு நடக்கும். தாலாட்டின் மெட்டும் அசைகளும் அயல் தமிழ் ஊர்களுக்குப் பொதுவானவை. உள்ளே வரும் பெயர்கள் மாத்திரம் மாறும். மக்கமும் மதீனாவும், பாத்திமா நாயகியும், நாகூர் ஆண்டவரும் அவற்றில் வருவார்கள். பிள்ளையின் மாமன்மார் கொண்டு வரும் சீர்வரிசையும் வரும். தாயின் சகோதரன் மணமுடித்து வேறு வளவுக்குப் போய்விடும் ஊரில், அவன் தாலாட்டில் எப்போதும் பரிசோடு வந்து நிற்பவனாக இருப்பது பொருந்தித்தான் போகிறது. இந்தப் பாட்டுகளைப் பெண்கள் எழுதி வைக்கவில்லை. வி.சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964ல் வந்தபோது இப்பகுதியின் வாய்மொழிச் செல்வம் நூலேறியது. முஸ்லிம் ஊர்களின் கவிகளையும் பாட்டுகளையும் பிற்காலத்தில் தேடித் தொகுத்தவர்களுள் நிந்தவூரைச் சேர்ந்த எஸ். முத்துமீரான் முக்கியமானவர். ஆனால் தொகுப்பாளர்களின் கவனம் காதற்கவிகளிலேயே அதிகம் நின்றது. பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்ட சிறு பாட்டுகளும் சோறூட்டும்போது சொல்லப்பட்ட கதைகளும், அற்பமென்று தோன்றியதாலோ என்னவோ, ஓரமாகவே கிடந்தன. நாட்டார் வழக்காற்றில் இது பெரிய இழப்பு. காதற்கவி வளர்ந்தவரின் நினைவில் தங்கும். சோறூட்டும் கதை, ஊட்டுகிறவள் போனால் கூடவே போய்விடும்.

பேரிலக்கியம் இந்த விடயத்தில் அவ்வளவு பாராமுகமாக இருக்கவில்லை. பிள்ளைத்தமிழ் நூல்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பருவங்களாகப் பிரித்தே பாடுகின்றன. தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, தாலாட்டுக் கேட்கும் தால், உட்கார்ந்து கைகொட்டும் சப்பாணி, தளர்நடையிட்டு வரும் வாரானை என்று அது ஒரு வளர்ச்சி அட்டவணை போலவே நகரும். முஸ்லிம் புலவர்களும் அந்த அட்டவணையை ஏற்றுக்கொண்டு, நபிகள் நாயகத்தின் மேல் பிள்ளைத்தமிழ் பாடினர். 1833ல் எழுந்த நபிகள் நாயகம் பிள்ளைத்தமிழ் அவற்றுள் நன்கு அறியப்பட்டது.

பிள்ளையின் முதல் தமிழ்ச் சொற்கள் உறவுச் சொற்களே. இங்கு ஓர் ஒலியியல் ஒழுங்கைக் காணலாம். உம்மா, வாப்பா, மாமா, மாமி ஆகியவை இதழ்களால் பிறப்பவை. காக்கா, சாச்சா, சாச்சி ஆகியவை ஒரே மெய்யொலியை இரட்டிப்பவை. எல்லாம் ஒரு வயதுப் பிள்ளையின் வாய்க்கு எட்டக்கூடிய ஒலிகள். தாய் தந்தையரை அழைக்கும் சொற்கள் உலகெங்கும் இப்படி இதழொலிகளாலும் இரட்டிப்பாலும் அமைவதற்கான காரணத்தை மொழியியலாளர் ரோமன் யாகப்சன் 1960ல் ஒரு கட்டுரையில் விளக்கினார். பேசத் தொடங்கும் பிள்ளைக்கு எவை எளிதோ அவற்றையே வளர்ந்தவர்களின் மொழி உறவுப் பெயராக ஏற்றுக்கொள்கிறது என்பது அவர் கருத்தின் சாரம். ராத்தாவின் கதை வேறு. சொல்லின் முதலிலேயே ரகரம் நிற்பதால் அக்காமார் பல மாதங்களுக்கு ‘லாத்தா’வாகவோ ‘யாத்தா’வாகவோ இருக்க வேண்டியிருந்தது. வீட்டில் யாரும் அதைத் திருத்த அவசரப்படவில்லை. கேலி செய்தனர், தாமும் சில நாள் அப்படியே அழைத்தனர். உறவுச் சொல் வெறும் பெயராக நிற்கவில்லை. யார் யாருக்கு என்ன முறை என்பதும் அதனோடு சேர்ந்தே கற்பிக்கப்பட்டது. வளவுக்குள் யார் நுழைந்தாலும், “இது ஆரு? உனக்கு என்ன முறை?” என்ற கேள்வி பிள்ளையை நோக்கி வரும். பிள்ளை சொன்ன மறுமொழி சரியானால் ஒரு முத்தம், பிழையானால் கூட்டச் சிரிப்பு.

வழிபாட்டுச் சொற்களும் அதே வயதில் சேர்ந்தன. கவளம் வாய்க்குப் போகுமுன் பிஸ்மி, ஆள் வந்தால் ஸலாம், தூங்கப் போகும்போது கலிமா. இவற்றுள் தும்மல் ஒரு சிறிய உரையாடல் பாடம். தும்மியவர் இறைவனைப் புகழ வேண்டும், கேட்டவர் அவருக்காக இறையருளை வேண்ட வேண்டும், தும்மியவர் அதற்குப் பதில் துஆ சொல்ல வேண்டும். மூன்று முறை மாறி மாறிப் பேச வேண்டிய இந்தச் சிறு நிகழ்வில் பொருள் தெரியாத பிள்ளையும் தன் முறை எப்போது வரும் என்று காத்திருக்கக் கற்றுக்கொண்டது. உரையாடல் என்பது முறை மாறிப் பேசுவது என்ற அறிவு சொல்லறிவுக்கு முன்பே வந்துவிடுவதற்கு இது நல்ல சான்று.

எல்லாச் சமூகமும் கைக்குழந்தையோடு நேராகக் கதைப்பதில்லை. 1984ல் எலினர் ஓக்ஸ், பாம்பி ஷீஃபெலின் என்ற இரு ஆய்வாளர்கள் சமோவாவிலும் பப்புவா நியூகினியின் கலுலி மக்களிடமும் கண்டவற்றை ஒப்பிட்டு எழுதினர். அங்கே பெரியவர்கள் தம் பேச்சைக் குழந்தைக்காக எளிமைப்படுத்துவது வழக்கமில்லை; குழந்தை பெரியவர்களுக்கிடையிலான பேச்சைக் கேட்டே வளர்கிறது. கல்முனைக் கரையின் வளவில் இரண்டும் நடந்தன. ஏணையிலும் குளிப்பிலும் குழந்தைக்காகவே பேச்சு. மற்ற நேரமெல்லாம் இடுப்பில் தூக்கியபடி அல்லது அருகில் இருத்தியபடி பெரியவர்களின் நியாயம், சண்டை, கலியாணப் பேச்சு, வேலிக்கு மேலால் மீன்காரனோடு நடக்கும் விலைபேசல். பிள்ளைக்குத் தக்கபடி பேசுவதே பேச்சு வளர்க்கும் ஒரே வழி என்று எண்ணும் இன்றைய கைநூல்களுக்கு இந்த வளவு முழுதாக அடங்காது.

இரண்டு மூன்று வயதுக்கு மேல் பேச்சு தொழிலோடு கலந்தது. மருதமுனை கைத்தறிக்குப் பெயர்பெற்ற ஊர். சாரமும் சேலையும் நெய்த வீடுகளில் தறி ஆணுக்கு, நூல் சுற்றுவது பெண்ணுக்கும் பிள்ளைக்கும். தாரில் நூல் சுற்றும் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைக்கு நிறங்களின் பெயர்கள் பாடமாக வரவில்லை. “அந்தப் பச்சையை எடு, இது இல்ல, கரும்பச்சை” என்ற ஏவலாக வந்தன. இழை அறுந்தது, முடிச்சு விழுந்தது, பாவு இறுகிவிட்டது என்று ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வினைச்சொல் கிடைத்தது. பன் பாய் இழைத்த வீடுகளிலும் இதே கதைதான். சாயமேற்றிய பன்னை வரிசை மாறாமல் எண்ணி எடுத்துக் கொடுக்கும் வேலை சிறு கைகளுடையது. எண் பிழைத்தால் கோலமும் பிழைக்கும் என்பதால் எண்ணை உரக்கச் சொல்லியே எடுக்க வேண்டும்.

களவெட்டியில் வேறொரு பாடம். சூடு மிதிக்கும் களத்தில் அன்றாடச் சொற்கள் சிலவற்றை உச்சரிக்கக் கூடாது. நெல்லைப் பொலி என்றே சொல்ல வேண்டும். குறைவு, முடிவு என்ற பொருள் தொனிக்கும் பேச்சுக்கு அங்கே இடமில்லை. கிழக்கிலங்கை உழவரிடையே மதம் கடந்து நிலவிய வழக்கம் இது. வாப்பாவுக்குச் சோறு கொண்டு போகும் சிறுவன், வீட்டில் சொல்லும் சொல்லைக் களத்தில் சொன்னால் அடிவாங்குவான். இடத்துக்கேற்பச் சொல்லை மாற்ற வேண்டும் என்ற அறிவு இப்படியும் வந்தது.

இரவில் நொடி போடுவார்கள். மட்டக்களப்புப் பகுதியில் விடுகதைக்கு அதுவே பெயர். கேள்வியும் மறுமொழியுமாக அறிவைச் சோதிக்கும் மரபு தமிழ் முஸ்லிம் இலக்கியத்தில் ஆழமானது. 1572ல் அரங்கேறியதாகச் சொல்லப்படும் ஆயிர மசலாவும் மக்களிடையே பெரிதும் வழங்கிய நூறு மசலாவும் அந்த அச்சிலேயே வார்க்கப்பட்டவை. நோன்பு மாதத்தில் ஸஹருக்கு எழுப்ப றபான் தட்டிப் பாடிக்கொண்டு வரும் பாவாமாரும், கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலின் நாகூர் ஆண்டகை கொடியேற்ற நாட்களின் மவ்லூதும், சுன்னத்துக் கலியாண வீட்டின் பைத்தும் குரவையும் பிள்ளைகளுக்கு மெட்டும் சந்தமும் கொடுத்தன. மறுநாள் முழுதும் தகரப்பேணியைத் தட்டி அதையே பாடித் திரிவது பிள்ளைகளின் வேலை.

ஐந்து வயதளவில் ஓதப்பள்ளி. பெரும்பாலும் லெப்பையின் வீட்டுத் திண்ணை. பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஒரு பெண்ணின் வீடு. மரப்பலகையில் மையால் எழுதிய அரபு எழுத்தைப் பார்த்து, அதன் மேல்கீழ்க் குறிகளோடு கூட்டி, உடலை முன்னும் பின்னும் ஆட்டி உரக்கச் சொல்ல வேண்டும். பொருள் சொல்லிக்கொடுக்கப்படுவது அரிது. இதை வெறும் மனப்பாடமென்று பிற்காலக் கல்வியாளர்கள் குறைகூறியதுண்டு. அந்தக் குறையில் நியாயமும் உண்டு. ஆனால் ஒலிப் பயிற்சி என்ற அளவில் ஓதப்பள்ளிக்கு ஈடான ஒன்று இக்கரையில் இருந்ததில்லை. குர்ஆன் ஓதும் ஒலிப்புமுறையான தஜ்வீத் கலை எழுத்துகளின் பிறப்பிடங்களைத் தொண்டை, நா, இதழ், மூக்கறை, வாயின் வெற்றிடம் என்று ஐந்தாகவும், அவற்றை மேலும் பிரித்துப் பதினேழாகவும் வகுக்கிறது. தமிழில் இல்லாத தொண்டை ஒலிகளையும் அழுத்தொலிகளையும் சரியாகச் சொல்லும்வரை பிள்ளையை விடமாட்டார் லெப்பை. நாவின் நுனி எங்கே தொட வேண்டும், காற்று எங்கே தேங்க வேண்டும் என்று தம் வாயைத் திறந்து காட்டுவார். தொல்காப்பியத்தின் பிறப்பியலும் நெஞ்சு, மிடறு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று ஏறக்குறைய இதே வேலையைத் தமிழுக்குச் செய்கிறது. அது புலவர் கூட்டத்துக்குள் நின்றுவிட்டது. அரபு ஒலியியல் மீனவர் பிள்ளையின் திண்ணைக்கு வந்தது.

ஓதப்பள்ளி தாய்மாருக்கும் ஓர் எழுத்தைக் கொடுத்தது. அரபு எழுத்தில் சில குறிகளைக் கூட்டித் தமிழை எழுதும் அரபுத்தமிழ் பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் வழங்கியது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோரின் நூல்கள் இலங்கையிலும் பரவின. தமிழ் எழுத்தே அறியாத பெண்கள் குர்ஆன் ஓதக் கற்ற எழுத்தைக் கொண்டே மாலைகளையும் கிஸ்ஸாக்களையும் வாசித்தனர். ஒருத்தி வாசிக்க வளவே கேட்கும், மடியில் கிடந்த பிள்ளையும் கேட்கும். பருவமடைந்த பெண் வெளியே போகாத காலத்தில் இது சிறிய விடயமல்ல. கண்டியைச் சேர்ந்த எம்.சி. சித்திலெப்பை 1882ல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கிப் பெண்கல்விக்கு வாதாடியபோது, கிழக்குக் கரையின் பெரும்பாலான தாய்மாருக்கு இந்த ஓதல் எழுத்து ஒன்றே எழுத்து.

பாடசாலை மெல்லவே வந்தது. மிஷன் பாடசாலைகளை முஸ்லிம் பெற்றோர் தயக்கத்தோடு பார்த்தனர். 1940களில் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வியும் தாய்மொழிப் போதனையும் வந்த பின்னரே நிலைமை மாறியது. பிள்ளைக்குத் தமிழ்மொழிப் பாடசாலை ஊரிலேயே கிடைத்தது. கல்வி அமைச்சராக இருந்த பதியுதீன் மஹ்மூதின் பெயரைத் தாங்கிய கல்முனை மகளிர் கல்லூரி 1970களில் வளர்ந்தபோது, எழுதப் படிக்கத் தெரிந்த தாய்மாரின் தலைமுறை உருவாகியது. வீட்டுப் பேச்சும் புத்தகத் தமிழும் இங்கே அவ்வளவு தூரத்தில் இருக்கவுமில்லை. பேச்சுத் தமிழ் வழக்குகளிலேயே எழுத்துத் தமிழுக்கு மிக நெருங்கியது மட்டக்களப்பு வழக்கு என்று செக் அறிஞர் கமில் சுவலபில் 1960களில் எழுதினார். பாடசாலையில் உம்மா ‘தாய்’ ஆகவும் வாப்பா ‘தந்தை’ ஆகவும் மாறியது பிள்ளைக்கு முதலில் புதிராக இருந்திருக்கும். தமிழ்ப் பாடநூலில் தன் வீட்டு உறவுச் சொற்களைக் காண அதற்கு நெடுநாள் பிடித்தது.

வளவு எல்லாப் பிள்ளைகளையும் பேச வைத்துவிடவில்லை. பிந்திப் பேசும் பிள்ளை, கொன்னும் பிள்ளை, காதே கேளாத பிள்ளை ஆகியோருக்கு வளவிடம் இருந்தவை தண்ணீர் ஓதிக் கொடுத்தல், இஸிம் கட்டுதல், தர்காவுக்கு நேர்த்தி, பின்னர் பொறுமை. “ஆம்பிளப் புள்ள பிந்தித்தான் கதைக்கும்” என்ற ஆறுதல் மூன்று வயதுவரையும் நான்கு வயதுவரையும் நீண்டது. காது கேளாமை அந்த ஆறுதலுக்குள் ஒளிந்து கிடந்தது. கூட்டம் நிறைந்த வளவில் பிள்ளை மற்றவர்களின் சாடையைப் பார்த்தே சமாளித்துவிடுவதால், கேளாமை இன்னும் பிந்தியே தெரியவந்தது. மச்சான் மச்சி முறையில் நெருங்கிய உறவுக்குள் மணம் செய்யும் வழக்கம் பிறவிச் செவிட்டுத்தன்மையின் வாய்ப்பைச் சற்றுக் கூட்டக்கூடியது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தெரியவந்த பின்னும் போக இடம் அரிது. 1912ல் தொடங்கிய செவிப்புலனற்றோர் பாடசாலை தென்மேற்கில் கொழும்புப் பக்கம் இருந்தது. தமிழில் கற்பித்த நஃபீல்ட் பாடசாலை 1956 முதல் யாழ்ப்பாணத்துக் கைதடியில். கல்முனைப் பிள்ளைக்கு இரண்டுமே வேறு உலகம். பெரும்பாலோர் ஊரிலேயே ‘ஊமை’ என்ற பட்டத்தோடு வளர்ந்தனர். வளவின் பேச்சு வளத்தைப் போற்றும் எவரும் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போக முடியாது.

1970களின் பிற்பகுதியிலிருந்து வளவு தளரத் தொடங்கியது. தாய்மார் வளைகுடாவுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகப் போயினர். பிள்ளை உம்மம்மாவிடம் நின்றது; தாய்வழி வீடு என்பதால் அந்த மாற்றம் மற்ற ஊர்களை விட இங்கே சற்று மெதுவாகவே உறைத்தது. ஆனாலும் உம்மம்மாவும் மூத்துப்போனாள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வெளிநாடு போவதை அரசாங்கம் 2013ல் விதித்த குடும்பப் பின்னணி அறிக்கை விதி தடுத்தது. கெடுபிடியாகவும் பெண்ணுக்கு மாத்திரம் விதித்த பாரபட்சமாகவும் அது விமர்சிக்கப்பட்டது. மறுபுறம், மார்க்கச் சீர்திருத்த இயக்கங்கள் வலுத்தபோது மவ்லூதும் பாவாமாரின் பாட்டும் குரவையும் தாலாட்டில் வந்த அவுலியாக்களின் பெயர்களும் தவிர்க்கத்தக்கவை ஆயின. பாட்டு நின்ற இடத்தில் முதலில் வானொலியும் பின்னர் தொலைக்காட்சியும் வந்து உட்கார்ந்தன.

மிகப் பெரிய அடி 2004 டிசம்பர் 26. இலங்கையில் ஆழிப்பேரலையால் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அங்கு மாத்திரம் 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களில் கடலோரத்து வளவுகள் வரிசையாகத் துடைக்கப்பட்டன. இறந்தவர்களில் பெண்களும் பிள்ளைகளுமே மிகுதி. அதாவது பேசியவர்களும் பேசக் கற்றுக்கொண்டிருந்தவர்களும். பின்னர் கிழக்கில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் கட்டத் தடை வந்தது, பிறகு தளர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் குடும்பங்கள் முகாம்களுக்கும் புதிய குடியிருப்புகளுக்கும் பிரிந்து போயின. பழைய வளவில் அடுத்தடுத்த வீடுகளில் இருந்த ராத்தாவும் தங்கச்சியும் புதிய திட்டத்தில் இலக்கப்படி வெவ்வேறு தெருவில் வீடு பெற்றனர். பெண்ணின் பெயரில் இருந்த சீதன வீட்டுக்குப் பதிலாகக் கிடைத்த வீட்டின் உறுதி பல இடங்களில் குடும்பத் தலைவர் என்ற பெயரில் கணவனுக்கு எழுதப்பட்டது. மெக்கில்வ்ரேயும் பட்ரிஷியா லோரன்ஸும் இதை ஆராய்ந்து எழுதியுள்ளனர். இது சொத்துரிமைப் பிரச்சினையாகவே பார்க்கப்பட்டது. ஆனால் வீட்டுறுதி மாறியபோது பிள்ளையைச் சுற்றியிருந்த குரல்களின் எண்ணிக்கையும் குறைந்தது. பல வீடுகளில் பகலில் ஒரு தாயும் ஒரு பிள்ளையும் ஒரு தொலைக்காட்சியும் மாத்திரம் எஞ்சின.

பேச்சு வளர்ப்பு இதற்குள் அரசாங்கத்தின் அக்கறையாகவும் மாறியிருந்தது. 1926ல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை நாடெங்கும் பரவி, குடும்பநல மாது வீட்டுக்கு வரும் வழக்கத்தை உண்டாக்கியது. பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கப்படும் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் நிறை, தடுப்பூசி ஆகியவற்றோடு வளர்ச்சிப் படிகளும் உள்ளன. ஒலிக்குத் திரும்புகிறதா, ஒரு வயதளவில் பொருளுள்ள சொல் சொல்கிறதா, இரண்டு வயதளவில் இரு சொற்களைச் சேர்க்கிறதா என்று தாய் கவனித்துக் குறிக்க வேண்டும். “ஆம்பிளப் புள்ள பிந்தித்தான் கதைக்கும்” என்ற ஆறுதலுக்கு முதன்முறையாக ஓர் எல்லை எழுத்தில் வந்தது.

அந்த எல்லையைத் தாண்டிய பிள்ளையை யாரிடம் அனுப்புவது என்பது வேறு கேள்வி. இலங்கையில் பேச்சு மொழிச் சிகிச்சைக்கான பயிற்சி களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் 1997ல் டிப்ளோமாவாகத் தொடங்கிப் பின்னர் பட்டப்படிப்பாக வளர்ந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் சிங்களம் பேசுவோர். தமிழில் சிகிச்சை தரக்கூடியவர்கள் நெடுங்காலம் மிகச் சிலரே. பேச்சுச் சிகிச்சைக்கு மொழிபெயர்ப்பாளரை வைத்துச் சமாளிக்க முடியாது. பிள்ளை எந்த ஒலியை எப்படித் திரிக்கிறது என்பதைக் காது கேட்டு உணர வேண்டும். தமிழ் தெரிந்தவருக்கும் இக்கரையின் வழக்கு தெரிந்திருக்க வேண்டும். ‘ராத்தா’ என்ற சொல்லைப் பட அட்டையில் ‘அக்கா’ என்று காட்டினால் பிள்ளை வாய் திறக்காது. ழகரம் ளகரமாக ஒலிப்பது இங்கே ஊர்ப்பேச்சின் இயல்பு. அதைக் குறைபாடாக எண்ணித் திருத்தப் போனால், பிள்ளையை மாத்திரமல்ல, ஊரையே திருத்த வேண்டிவரும்.

சிகிச்சையாளர்கள் கொடுக்கும் வீட்டுப் பயிற்சி கையிலுள்ள வேலையைச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்கிறது. பிள்ளை சொன்னதை ஒரு சொல் கூட்டித் திருப்பித் தரவும், கேள்வி கேட்டால் மறுமொழிக்குக் காத்திருக்கவும், திரையை அணைக்கவும் சொல்கிறது. மாதத்தில் ஒரு முறையோ இரு முறையோ கிளினிக்கில் கிடைக்கும் அரை மணி நேரம் போதாது என்பதால், பயிற்சியின் பெரும்பகுதி வீட்டிலேயே நடக்க வேண்டும். சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் பக்கத்து வீட்டில் இன்னும் உம்மம்மாவும் சாச்சியும் இருக்கும் குடும்பங்கள் குறைந்தபோதிலும் இல்லாமல் போய்விடவில்லை. அத்தகைய வீடுகளில் தாயோடு உம்மம்மாவையும் கிளினிக்குக்கு வரச் சொல்வதே நடைமுறைக்கு ஏற்றது. தாய் வேலைக்குப் போகும் பகலில் பிள்ளையோடு கதைப்பது அவள்தான்.